34 ரூபா டிவிடி, 50 டாலர் 4கே டிஸ்க்: இதுல எது நியாயமான விலை?

ஒரு பழைய படம் 4கே டிஸ்க்கா, அதாவது டிவிடி, ப்ளூ-ரேக்கு அடுத்து வந்த ரொம்பத் தெளிவான டிஸ்க்கா வெளிவந்து, அட்டையில 49.95 டாலர்னு போட்டிருந்தா போதும், உடனே ரெண்டு கட்சி பிரிஞ்சு சண்ட ஆரம்பிச்சுரும். ஒரு கட்சி, "பிளாஸ்டிக் தட்டுக்கு நாலாயிரம் ரூபாயா, அத அடிக்க ஆகற செலவே பிசாத்து காசு, இது பகல் கொள்ள"ன்னு சொல்லும். இன்னொரு கட்சி, "ரெண்டு பேர் மல்டிபிளெக்ஸ் போய் பாப்கார்னும் வாங்கினா எவ்ளோ ஆகுது, அத மட்டும் பேசாம குடுக்கறீங்களே"ன்னு திருப்பி கேக்கும். ரெண்டு பேருமே கணக்க தப்பான எடத்துல இருந்து தொடங்கறாங்க. படம் போட்ட டிஸ்க்கோட விலைய தட்டு செய்யற செலவும் தீர்மானிக்கல, தியேட்டர் டிக்கெட்டும் தீர்மானிக்கல. எத்தன பேர் வாங்குவாங்க, உள்ள என்ன போட்டிருக்கு, வாங்கின பிறகு அத வச்சு நீங்க என்னென்ன பண்ணலாம், இந்த மூணு தான் தீர்மானிக்குது. அடிப்படையில இருந்து வருவோம்.

தட்டு செய்ய என்ன ஆகுது

படத்தோட டேட்டாவ மொதல்ல ஒரு கண்ணாடித் தட்டுல லேசர் வச்சு பதிப்பாங்க. அதுல இருந்து நிக்கல்ல ஒரு அச்சு எடுப்பாங்க, ஸ்டாம்ப்பர்னு சொல்றது இதத் தான். உருக்கின பாலிகார்பனேட்ட அந்த அச்சுல அழுத்தினா சில வினாடில ஒரு தட்டு வெளிய வந்துரும், மேல மெல்லிசா அலுமினியம் பூசினா வேல முடிஞ்சுது. டிவிடிக்கு 0.6 மில்லிமீட்டர் கனத்துல ரெண்டு தட்ட ஒட்டி 1.2 ஆக்கணும். ப்ளூ-ரேல டேட்டாக்கு மேல இருக்கற மூடி வெறும் 0.1 மில்லிமீட்டர், அதனால கீறல் தாங்கற பூச்சு ஒன்னு தனியா வேணும். 4கே டிஸ்க்ல ரெண்டு லேயர்னா 66 ஜிபி, மூணு லேயர்னா 100 ஜிபி, லேயர் ஏற ஏற அடிக்கறதும் கஷ்டம்.

இவ்ளோ சொன்னாலும் லட்சக்கணக்குல அடிக்கும்போது ஒரு டிவிடி தட்டோட செலவு சில ரூபாயில முடிஞ்சுரும். அந்த வரைக்கும் மொத கட்சி சொல்றது சரி தான். மிச்ச காசு எங்க போகுதுன்றது தான் கேள்வி.

1. மாஸ்டர், அதாவது டிஸ்க்குக்கு மூலமா இருக்கற பிரதி. படத்தோட நெகட்டிவ தேடிப் பிடிச்சு, சுத்தம் பண்ணி, ஒவ்வொரு பிரேமா ஸ்கேன் பண்ணி, கலர் சரி பண்ணி, கீறலையும் தூசியையும் எடுக்கற வேல. ரெஸ்டோரேஷன்னு சொல்றது இது தான். சத்யஜித் ரேயோட அபு மூணு படங்களும் நல்ல உதாரணம். 1993ல லண்டன்ல ஒரு லேப்ல தீ பிடிச்சப்போ அந்த நெகட்டிவ் எல்லாம் எரிஞ்சும் கருகியும் போச்சு, மிஞ்சினத வருஷக்கணக்கா பத்திரமா வச்சிருந்து, அப்புறம் இத்தாலியில போலோன்யா நகரத்துல இருக்கற லேப்ல உருகின டேப்பையும் பசையையும் கையாலேயே நீக்கி, சுருங்கிப் போன பிலிம பக்குவப்படுத்தி, ஸ்கேன் பண்ற அளவுக்கு கொண்டுவந்தாங்க. கருகிப்போன எடத்துக்கு வேற பிரிண்ட்ல இருந்து எடுத்து சேத்தாங்க. இந்த மாதிரி வேலைக்கு மெஷின் வாங்கிப் போட்டா மட்டும் பத்தாது, ஆள் உக்காந்து பண்ணணும், சம்பளம் குடுக்கணும்.

2. ஆத்தரிங். மெனு, சப்டைட்டில், சவுண்ட் டிராக், டேட்டாவ டிஸ்க் அளவுக்கு கம்ப்ரஸ் பண்றது. இதுல மிச்சம் பிடிக்கலாம்னு நெனச்சா இருட்டு காட்சியெல்லாம் கட்டம் கட்டமா தெரியும்.

3. உரிமை. டிஸ்க் போடற கம்பெனி தான் படத்தோட சொந்தக்காரர்னு இல்ல. ஒரு தொகைய மொதல்லயே குடுத்துரணும், அது மினிமம் கேரண்டி. அதுக்கு மேல வித்தா ஒவ்வொன்னுக்கும் ராயல்டி.

4. கடை. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கடைக்கும் போறது அட்டை விலையில ஒரு பெரிய பங்கு, விக்காம திரும்பி வர்ற சரக்கு நஷ்டம் வேற.

எத்தன பேருக்கு பங்கு போடறோம்

மேல இருக்கற நாலுல மொத ரெண்டும், மூணாவதுல முன்பணமும், எத்தன டிஸ்க் அடிச்சாலும் மாறாத செலவு. பேச்சுக்கு ஒரு படத்துக்கு ஸ்கேன், ரெஸ்டோரேஷன், சப்டைட்டில், முன்பணம் எல்லாம் சேத்து 30 லட்சம் ஆகுதுன்னு வச்சுக்குங்க. 3 லட்சம் டிஸ்க் வித்தா ஒவ்வொன்னு தலையிலயும் 10 ரூபா விழும். 3,000 தான் விக்கும்னா ஒவ்வொன்னு தலையிலயும் 1,000 ரூபா. தட்டு அதே தட்டு தான், படமும் அதே படம் தான். கல்யாணத்துக்கு ஆயிரம் இலைக்கு பேசின ரேட்டுல வீட்டு விசேஷத்துக்கு இருவது இலைக்கு கேட்டா எந்த சமையல்காரரும் ஒத்துக்க மாட்டார், அந்த நியாயம் தான் இங்கயும்.

இதுக்கு நேரடியா ஒரு உதாரணம் அமெரிக்காவுல இருந்துச்சு. ட்வைலைட் டைம்னு ஒரு சின்ன கம்பெனி, 2011ல ஆரம்பிச்சாங்க. பெரிய ஸ்டுடியோக்கள் தங்களோட குடோன்ல இருக்கற பழைய படங்கள டிஸ்க்ல போட்டா போணியாகாதுன்னு விட்டு வச்சிருந்தப்போ, இவங்க அத லைசன்ஸ் வாங்கி, ஒரு படத்துக்கு 3,000 டிஸ்க் மட்டும் அடிச்சு, 29.95 டாலருக்கு வித்தாங்க. 3,000 டிஸ்க்கும் வித்துப்போனா மொத்தமே 89,850 டாலர் தான் வரும், அதுல இருந்து தான் லைசன்ஸ், அச்சு, கட்டுரை புத்தகம், கூலி எல்லாம். ஸ்டுடியோ வச்சிருந்த மாஸ்டரையே வாங்கிப் போட்டதாலயும், பெரிய கடைகளுக்கு போகாம ஆன்லைன்ல நேரா ரசிகர்கிட்ட வித்ததாலயும் தான் இந்த கணக்கு ஓடுச்சு. அப்பவே "29.95 ஓவர், வால்மார்ட்ல 10 டாலருக்கு ப்ளூ-ரே கிடைக்குது"ன்னு திட்டினவங்க நிறைய பேர். ஆனா வால்மார்ட்ல அந்த விலைக்கு கிடைச்சது லட்சக்கணக்குல அடிச்ச படம். 2020ல ட்வைலைட் டைம் கடைய மூடிட்டாங்க, தீர்ந்து போன சில டிஸ்க்குகள் செகண்ட் ஹேண்ட்ல அட்டை விலைக்கு மேல போகுது. அன்னைக்கு 29.95 அநியாயம்னு சொன்னவங்க இந்த விலைய பாத்து என்ன சொல்வாங்கன்னு தெரியல.

வாடகைக் கடைக்காக வச்ச விலை

விலை வானத்துல நின்ன காலம் ஒன்னு உண்டு, அது வீடியோ கேசட் காலம். 1980கள்ல அமெரிக்காவுல புது படம் கேசட்டா வந்தா 79.95, 89.95 டாலர்னு விலை. அன்னைய காசுக்கு அது ரொம்ப பெரிய தொகை. எந்த குடும்பமும் வாங்காதுன்னு ஸ்டுடியோவுக்கும் தெரியும். அது வாங்கி பாக்கறவனுக்கு வச்ச விலையே கிடையாது, வாடகைக் கடைக்கு வச்சது.

ஏன் அப்படி வச்சாங்கன்னு புரிய அமெரிக்க சட்டத்துல ஒரு விஷயம் தெரியணும், முதல் விற்பனைக் கொள்கைன்னு சொல்லலாம். ஒரு பிரதிய நீங்க காசு குடுத்து வாங்கிட்டா, அந்த பிரதி மேல விக்கறவருக்கு இருக்கற பிடி அத்தோட போச்சு. நீங்க அத விக்கலாம், இரவல் குடுக்கலாம், வாடகைக்கும் விடலாம், நகல் மட்டும் எடுக்கக் கூடாது. இது 1908ல ஒரு புத்தக வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒரு பதிப்பகம் "ஒரு டாலருக்கு கீழ இத வித்தா காப்பிரைட் மீறல்"னு புத்தகத்துக்குள்ளயே அச்சடிச்சிருந்தாங்க, கோர்ட் அது செல்லாதுன்னுருச்சு. அப்புறம் அது சட்டத்துலயே ஏறிருச்சு. ஆக கேசட் கடைக்காரர் ஒரு கேசட்ட வாங்கி நூறு தடவ வாடகைக்கு விட்டாலும் ஸ்டுடியோவுக்கு அதுல காலணா வராது. அதனால அந்த நூறு வாடகைக்கும் சேத்து விலைய மொதல்லயே போட்டு வாங்கினாங்க. திட்டலாம், ஆனா அதுக்குள்ள ஒரு தர்க்கம் இருக்கு.

அதுல கஷ்டப்பட்டது படம் பாக்கறவன் தான். விலை அதிகம்னு கடைக்காரர் நாலே நாலு கேசட் வாங்கி வைப்பார், வெள்ளிக்கிழம சாயங்காலம் போனா அலமாரி காலியா இருக்கும். 1998ல பிளாக்பஸ்டர்ன்ற பெரிய வாடகைக் கடை கம்பெனி ஸ்டுடியோக்களோட புது ஒப்பந்தம் போட்டாங்க, கேசட்டுக்கு மொதல்ல சில டாலர் மட்டும், வர்ற வாடகையில ஸ்டுடியோவுக்கு ஒரு பங்கு. அதுக்கப்புறம் அதே கடையில கேசட் குவிஞ்சுருச்சு.

அதே சமயத்துல தான் டிவிடி வருது, ஜப்பான்ல 1996 கடைசில, அமெரிக்காவுல 1997ல. வார்னர் கம்பெனியோட வீடியோ பிரிவு தலைவர் வாரன் லீபர்ஃபார்ப், வாடகை விலைய விட்டுட்டு நேரா வீட்டுக்கு விக்கற விலைக்கு போடுவோம்னு பிடிவாதமா நின்னார். இருவது டாலர் பக்கம் விலை வச்சதும் ஜனங்க புத்தகம் அடுக்கற மாதிரி படத்த அடுக்க ஆரம்பிச்சாங்க, பத்து வருஷம் போல ஹாலிவுட் குடிச்ச பாலே அந்த டிவிடி காசு தான்.

ஜப்பான்ல மட்டும் அந்த பழைய வாசன போகல. டிவியில வந்த அனிமே தொடர், அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், ஒரு டிஸ்க்ல ரெண்டு மூணு எபிசோட் மட்டும், விலை 6,000ல இருந்து 8,000 யென். வாங்கறது கொஞ்ச பேர், ஆனா எவ்ளோ சொன்னாலும் வாங்கறவங்க, அவங்க காசுல தான் தொடரே ஓடும்ன்ற கணக்கு. இதுல வேடிக்க என்னன்னா ப்ளூ-ரேல ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே ரீஜியன், ஏ. டிஸ்க்கோட ரீஜியனும் பிளேயரோட ரீஜியனும் ஒத்துப் போனா தான் படம் ஓடும். அமெரிக்காவுல முழு சீசன் கம்மி விலைக்கு வந்தா ஜப்பான் ரசிகன் அத தருவிச்சுக்குவான். அதுக்கு பயந்து அமெரிக்க வெளியீட்ட தள்ளிப் போடறது, சப்டைட்டில அணைக்க முடியாதபடி வைக்கறது மாதிரி வேலையெல்லாம் நடந்துச்சு. விலைய காப்பாத்த டிஸ்க்க வேணும்னே மட்டமாக்கறது எந்த ஊர் நியாயம்?

34 ரூபா வந்த கதை

நம்ம பக்கம் கதை நேர் எதிர். இங்க போட்டி வாடகைக் கடையோட இல்ல, திருட்டு விசிடியோட. படம் ரிலீசான மறுநாளே பர்மா பஜார்ல தொடங்கி பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரம் வரைக்கும் கிடைக்கும், ஒரிஜினல் டிவிடி வரவே மாசக்கணக்காகும், வந்தாலும் நூறுக்கு மேல, சில படம் பல நூறு. 2004ல தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்துலயே திருட்டு வீடியோகாரங்கள சேத்தாங்க. ரெய்டு நடக்கும், படம் பேப்பர்ல வரும், மறுவாரம் அதே ஆள் அதே எடத்துல கடை போட்டிருப்பார்.

2007ல மோசர் பேயர் உள்ள வந்தாங்க. எதுவும் பதியாத வெறும் டிஸ்க் செய்யறதுல உலகத்துலயே பெரிய கம்பெனிகள்ல ஒன்னு, ஆலை டெல்லி பக்கத்துல நொய்டாவுல. பல மொழியில ஆயிரக்கணக்கான படங்களோட உரிமைய வாங்கி விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு போட்டாங்க. தமிழ் படமும் ஏகப்பட்டது. திருட்டு டிஸ்க் விக்கற விலைக்கே ஒரிஜினல் கிடைக்குது, மளிகக் கடையிலயும் கிடைக்குது. அட்டையோட, பில்லோட, போலீஸ் பயம் இல்லாம வாங்கலாம். திருட்டு டிஸ்க் வாங்கறவனெல்லாம் திருடன் இல்ல, அவனுக்கு கட்டுப்படியாகற விலையில ஒரிஜினல் யாரும் விக்கலன்றத அந்த 34 ரூபா காட்டுச்சு.

ஆனா 34 ரூபாயில கடைக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு, வரிக்கு, தட்டுக்கு, உரிமைக்குன்னு கழிச்சா ரெஸ்டோரேஷனுக்குன்னு மிஞ்ச என்ன இருக்கு? மலிவு டிஸ்க் காலத்து தமிழ் டிவிடிகள எடுத்துப் பாத்தா தெரியும், இது எந்த ஒரு கம்பெனியையும் சொல்லல, பொதுவா நிலவரம் அப்படி. ஒரே தட்டுல மூணு படம் திணிச்சிருப்பாங்க, 8.5 ஜிபி தான் மொத்தமே, அப்போ ஒரு படத்துக்கு மூணு ஜிபி கூட தேறாது. சினிமாஸ்கோப் படத்தோட ரெண்டு பக்கமும் வெட்டி டிவிக்கு ஏத்த மாதிரி ஆக்கியிருப்பாங்க, ரெண்டு பேர் பேசற காட்சியில ஒருத்தர் மூக்கு மட்டும் தெரியும். மூலையில கம்பெனி லோகோ படம் முழுக்க நிக்கும். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக லண்டன், டொராண்டோ கடைகள்ல பல மடங்கு விலைக்கு வித்த டிஸ்க்லயும் இதே லோகோ தொல்லை உண்டு, அதனால எல்லாத்துக்கும் மலிவு விலை தான் காரணம்னும் சொல்ல முடியாது, பாதி அலட்சியம்.

2018ல மோசர் பேயர கலைக்கச் சொல்லி கம்பெனி தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. 34 ரூபா விலையால தான் விழுந்தாங்கன்னு சிலர் சொல்வாங்க, அது சரியில்ல. பென் டிரைவும் இன்டர்நெட்டும் வந்து வெறும் டிஸ்க் வியாபாரமே படுத்துச்சு, சோலார் தொழில்ல இறக்கின பணமும் கடனாவே நின்னுச்சு. நடுவுல 2015ல இயக்குநர் சேரன் படம் வெளியாகற அன்னைக்கே டிவிடிய வீட்டுக்கே கொண்டு வந்து விக்கற சி2ஹெச் திட்டத்த ஆரம்பிச்சார், டிஸ்க் 50 ரூபா. விலை மேல யாரும் குறை சொல்லல. ஆனா அதுக்குள்ள வீட்ல டிவிடி பிளேயர் தூசி பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு, திட்டம் நெலைக்கல.

அட்டை விலையும் வாங்கற விலையும்

நம்ம ஊர் எம்ஆர்பி சட்டப்படி உச்ச விலை, வரி உட்பட, அதுக்கு மேல விக்கக் கூடாது. அமெரிக்காவுல டிஸ்க் அட்டைக்கு சொல்ற விலை வெறும் பரிந்துரை, கடைக்காரர் இஷ்டத்துக்கு குறைக்கலாம். அதனால அங்க அட்டை விலை நிறைய நேரம் ஒரு சடங்கு தான். நல்ல படங்கள தேடிப் பிடிச்சு டிஸ்க்ல போடற கிரைட்டீரியன் கம்பெனி ப்ளூ-ரே 39.95, 4கே 49.95னு போடும், ஆனா பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையில வருஷத்துக்கு ரெண்டு தடவ அம்பது சதவீத தள்ளுபடி வரும்னு சேகரிக்கற அத்தன பேருக்கும் தெரியும், அதுக்குன்னே லிஸ்ட் எழுதி வச்சு காத்திருப்பாங்க. அப்போ உண்மையான விலை 20, 25 டாலர் தான். முழு விலை குடுக்கறது காத்திருக்க முடியாதவர். பொறுமைக்கு ஒரு விலை, அவசரத்துக்கு ஒரு விலைன்னு வெளிப்படையா இருக்கற வரைக்கும் எனக்கு இது தப்பா படல.

தப்பா படறது வேற ஒன்னு. மொதல்ல ஒன்னுமே இல்லாத டிஸ்க்க விட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு அதே படத்த நீக்கின காட்சிகளோட, இயக்குநர் பேச்சோட "ஸ்பெஷல் எடிஷன்"னு விடறது. ரெண்டும் ஒரே நேரத்துல ரெடியா இருக்கும், ஆனா சொல்ல மாட்டாங்க. ஒரே ரசிகன்கிட்ட ரெண்டு தடவ வாங்கறதுக்கான ஏற்பாடு. 15 டாலரா இருந்தாலும் அது அநியாயம் தான், ஏன்னா விஷயத்த மறைச்சு வித்தது.

வாங்கினா எது உங்களுது

முதல் விற்பனைக் கொள்கை அமெரிக்காவுல இருக்கு, ஆனா ஸ்டுடியோக்கள் அத டெக்னிக்கலா சுருக்கப் பாத்தாங்க, அது தான் ரீஜியன் கோட். டிவிடில உலகத்த ஆறா பிரிச்சு, இந்தியாவையும் இலங்கையையும் அஞ்சுல போட்டாங்க. ஒரு நாட்டுல கம்மியா விக்கற டிஸ்க் இன்னொரு நாட்டுக்கு போயிரக் கூடாதுன்றதும் இதுல ஒரு நோக்கம். நம்ம ஊர் கடையில வித்த பாதி பிளேயர்ல ரிமோட்ல ஒரு நம்பர் அழுத்தினா எல்லா ரீஜியனும் ஓடும், அது வேற விஷயம்.

இந்தியாவுல சட்டமும் கெடுபிடியா இருந்துச்சு. 1957 காப்பிரைட் சட்டத்துல படத்துக்கு, பிரதிய முன்னாடி வித்திருந்தாலும் இல்லன்னாலும் விக்கறது, வாடகைக்கு விடறது எல்லாம் உரிமையாளர் கையிலன்னு இருந்துச்சு. வெளிநாட்ல காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் டிவிடிகள டெல்லியில வாடகைக்கு விட்ட கடைக்கு எதிரா 2009ல டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது இத வச்சு தான். 2012 திருத்தத்துல அந்த வாசகத்த எடுத்துட்டு, வணிக ரீதியா வாடகைக்கு விடறதுன்னு சுருக்கினாங்க, லாப நோக்கம் இல்லாத நூலகத்துக்கு விலக்கும் வந்துச்சு.

டிஸ்க்க விட்டுட்டு ஆன்லைன்ல "வாங்கு" பட்டன அழுத்தி வாங்கற படத்துக்கு இதுல எதுவுமே கிடையாது. விக்க முடியாது, தம்பிக்கு குடுக்க முடியாது, கம்பெனியோட லைசன்ஸ் முடிஞ்சா உங்க லிஸ்ட்ல இருந்தே காணாமப் போகலாம். கலிபோர்னியாவுல 2025 ஜனவரியில இருந்து, இது லைசன்ஸ் தான்னு தெளிவா சொல்லாம "வாங்கு"ன்னு போடக் கூடாதுன்னு சட்டமே வந்தாச்சு. அதனால டிஸ்க்கையும் டவுன்லோடையும் ஒரே விலைக்கு வச்சா, டவுன்லோட் தான் காஸ்ட்லி. தரத்துலயும் டிஸ்க் தான் மேல, 4கே டிஸ்க்ல படம் வினாடிக்கு 100 மெகாபிட் டேட்டா கிட்ட கூட ஓடும், ஸ்ட்ரீமிங்ல வர்றது வழக்கமா அதுல கால்வாசி தான்.

அப்போ ஒரு விலைய எப்படி எடை போடறது

1. பழைய டிஸ்க் வச்சிருக்கீங்கன்னா, புதுசு புது ஸ்கேனா இல்ல பழைய மாஸ்டரயே ஊதிப் பெருசாக்கினதான்னு பாருங்க. இரண்டாவதுன்னா பாதி விலை கூட அதிகம்.

2. எத்தன அடிக்கறாங்க? பெரிய ஸ்டுடியோ, போன வருஷம் ஓடின படம், 40 டாலர்னா ஆறு மாசம் பொறுங்க, தானா இறங்கும். சின்ன கம்பெனி, 3,000 பிரதி, யாருக்கும் ஞாபகம் இல்லாத படம்னா 40 டாலர் நியாயம் தான், பொறுத்தா டிஸ்க்கே இருக்காது.

3. ஸ்டீல் பெட்டி, போஸ்டர், போஸ்ட் கார்டு இதுக்கெல்லாம் விலைய ஏத்தியிருந்தா அது படத்துக்கான விலை இல்ல. சாதா பெட்டியில தனியா விக்கறாங்களான்னு பாருங்க, விக்கலன்னா அது கட்டாய வசூல்.

இனிமே விலை இறங்கும்னு யாரும் எதிர்பாக்க வேணாம். 2023 செப்டம்பர்ல நெட்ஃபிளிக்ஸ் தபால்ல டிவிடி அனுப்பறத நிறுத்திட்டாங்க, 2024ல பெஸ்ட் பை கடையில டிஸ்க் விக்கறத நிறுத்திட்டாங்க, வாங்கற கூட்டம் சுருங்க சுருங்க ஒவ்வொருத்தர் தலையிலயும் விழற பங்கு ஏறத்தான் செய்யும்.

தமிழ் படத்துக்கு இந்த கணக்க போட்டுப் பாத்தா இப்படி வருது. ஒரு நல்ல பழைய படம், நெகட்டிவ் கெடாம இருக்கு, அத ஒழுங்கா ஸ்கேன் பண்ணி, முழு சினிமாஸ்கோப் அளவுல, லோகோ இல்லாம, சப்டைட்டிலோட ப்ளூ-ரேயா 1,500 ரூபாக்கு ஆன்லைன்ல நேரா விக்கறாங்கன்னு வைங்க. 3,000 பேர் வாங்கினா 45 லட்சம். மேல போட்ட 30 லட்சம் செலவ கழிச்சா, மிச்சம் 15 லட்சத்துல அச்சு, தபால், வரி, ராயல்டி எல்லாம் அடங்கணும், இழுத்துப் பிடிச்சா முதலுக்கு மோசம் இருக்காது. 500 ரூபா வச்சா 15 லட்சம் தான் வரும், பாதி ஸ்கேனோட நின்னுரும். 1,500 ரூபாய பாத்ததும் "34 ரூபாக்கு வாங்கின படம் தானே"ன்னு நம்ம ஆளுங்க கேப்பாங்க, அதுக்கு பயந்தே யாரும் இறங்க மாட்டேங்கறாங்க. நான் வாங்குவேன், இன்னும் 2,999 பேர் வேணும்.